கையெழுத்துப் போடாதவன்

கவாலா, 15 செப்டம்பர் 1974

அன்புத் தங்கை எவாந்தியா,

முதலில் உன் உடம்பு, பிறகு உன் வீட்டுக்காரர் உடம்பு, பிறகு பிள்ளைகள். எல்லோரும் நடமாட்டத்தோடு இருப்பீர்கள் என்ற நினைப்பில் எழுதுகிறேன். என்னைக் கேட்டால், சிறுநீரகக் கல் இருந்த இடத்தில் இருக்கிறது, நானும் இருந்த இடத்தில் இருக்கிறேன்.

நாட்டைப் பிடித்து ஆண்ட கர்னல்கள் போய்விட்டார்கள். ஏழு வருஷம் நம் கழுத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே வாரத்தில் இறங்கிவிட்டார்கள். மெல்பர்ன் வானொலியில் நீயும் கேட்டிருப்பாய். ஊரே தெருவில் ஆடியது. நான் ஆடவில்லை. எனக்குப் பழி தீர்க்க வேண்டும். என்னைப் படுக்கையிலிருந்து சட்டையில்லாமல் இழுத்துப் போன சார்ஜண்ட், நாலு வருஷம் சிறைத்தீவில் வாரம் தவறாமல் ஒரு தாளை நீட்டி, “மனம் திருந்தினேன்னு கையெழுத்துப் போடு, வீட்டுக்குப் போ” என்று சொன்ன அதிகாரி, எல்லாப் பெயரும் எனக்கு மனப்பாடம். நான் போடவில்லை. உன் அண்ணி அரெத்தி நுரையீரல் நோயில் விழுந்தாள் என்று நீ தந்தி அடித்தபோதும் போடவில்லை. அவளைப் புதைத்து இரண்டு மாதம் கழித்து, என் சிறுநீரகக் கல்லைச் சாக்காக வைத்து அவர்களே என்னை வெளியே அனுப்பினார்கள். அலுத்துப்போய் அனுப்பினார்கள். ஜெயித்தது நான்.

இப்போது கேள். தீவுகளில் இருந்தவர்களுக்கு இங்கே ஒரு சங்கம் தொடங்குகிறார்கள். போன சனிக்கிழமை புகையிலைத் தொழிலாளர் மன்றத்துக்குச் சவரம் செய்துகொண்டு போனேன். செயலாளர் லாசரோஸ், வக்கீல் குமாஸ்தா, நாற்பது வயது ஆள், பட்டியலைப் படித்தான். என் பெயர் வரவில்லை.

“என்னப்பா, அனெஸ்திஸை மறந்துட்டியா?”

“மறக்கலை பெரியவரே. கையெழுத்துப் போட்டவங்களைச் சேர்க்கிறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம்.”

“யார் போட்டது? நானா?”

அவன் ஒரு கோப்பிலிருந்து நம் ஊர்ப் பத்திரிகையின் துண்டை எடுத்து என் முன்னால் வைத்தான். 13 டிசம்பர் 1970. ‘கீழே கையொப்பமிட்டுள்ள நான், தீய கொள்கைகளால் வழிதவறியமைக்கு வருந்தி, தேசிய அரசுக்கு விசுவாசம் தெரிவிக்கிறேன்.’ அடியில் என் பெயர், நம் அப்பா பெயர், பிறந்த ஊர்.

“ஞாயித்துக்கிழமை கோவில்ல பாதிரியார் இதைப் படிச்சார். உங்களுக்குத் தெரியாதா பெரியவரே?” என்றான். மன்றத்தில் இருந்த முப்பது பேரும் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ என் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டிருக்கிறான். நீ மெல்பர்னுக்குக் கப்பலேறுவதற்கு முன், அந்த டிசம்பரில் அரெத்தியைப் பார்த்துக்கொண்டு நீதான் என் வீட்டில் இருந்தாய். யார் வந்தார்கள், யார் போனார்கள்? பெயரைச் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பிள்ளைகளை முத்தமிட்டு முடிக்கும்,
உன் அண்ணன் அனெஸ்திஸ்


மெல்பர்ன், 2 நவம்பர் 1974

அண்ணா,

உன் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுதுகிறேன். கல்லுக்குப் பார்லி கஞ்சி குடிக்கிறாயா? பதில் தாமதமாகிவிட்டது. காலுறை ஆலையில் இரட்டை முறை வேலை, சின்னவளுக்குத் தட்டம்மை, இவருக்கு முதுகுப் பிடிப்பு. இங்கே இப்போது வசந்தம். நவம்பரில் செர்ரி பழுக்கிற ஊரில் வாழ்கிறேன், நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

நீ கேட்டது. அந்தக் குளிர்காலத்தில் வீடு முழுக்க நோய்தான். வெந்நீர், ஈரத்துணி, இருமல். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று ஞாபகம் இல்லை. பத்திரிகைகள் அப்போது என்னவெல்லாம் போட்டன என்று உனக்கே தெரியும். சங்கம் இல்லாமல் உன்னால் வாழ முடியாதா? விட்டுவிடு அண்ணா. கர்னல்கள் சிறைக்குப் போகப்போகிறார்கள், அது போதாதா?

கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். கை நீளம் சரியாக இருக்கிறதா என்று எழுது.

எவாந்தியா


கவாலா, 20 நவம்பர் 1974

தங்கைக்கு,

சின்னவளுக்குத் தட்டம்மை இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். சட்டை வந்தது. கை நீளம் சரி.

போதாது. கர்னல்கள் யாரென்று எனக்குத் தெரியாது, அவர்களுக்கும் என்னைத் தெரியாது. என்னைத் தெரிந்த ஒருவன்தான் இதைச் செய்திருக்கிறான்.

ஆள் கிடைத்துவிட்டான். யோர்தானிஸ். என் கல்யாணத்தில் என் தலையிலும் அரெத்தி தலையிலும் மலர்முடி மாற்றி வைத்த கும்பாரோஸ். சொந்தச் சகோதரனுக்கு மேலே வைத்திருந்தேன் அவனை. மன்றத்தில் ஒருவன் சொன்னான், அந்தத் தாளைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததே யோர்தானிஸ்தானாம். நிலையத்தில் உட்கார்ந்திருந்த சார்ஜண்ட் அவனுக்கு மாமன் மகன். எப்படி நான் இதைப் பார்க்காமல் இருந்தேன்?

துறைமுகத்தில் அவன் பெட்டிக்கடைக்கு நேராகப் போனேன். சிகரெட் வாங்க ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். நல்லதாகப் போயிற்று.

“கும்பாரே,” என்றேன், “என் பெயரை என்ன விலைக்கு வித்தே?”

அவன் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தான். “கொஞ்சம் பொறு, இவங்களை அனுப்பிட்டு வர்றேன்.”

“இவங்களும் கேட்கட்டும். அந்தத் தாளை நீதானே கொண்டுபோனே?”

“ஆமா.”

“கையெழுத்து யார் போட்டது?”

“இதைப் பத்தி உங்கிட்ட ஒரு வார்த்தை பேசமாட்டேன், கும்பாரே. நீ என்னைக் கொன்னுபோட்டாலும் சரி.”

“கொல்லமாட்டேன். உயிரோட வச்சுப் பார்ப்பேன்.”

நின்றிருந்தவர்களில் ஒருவன் கையில் எடுத்த தீப்பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டுப் போனான். அதுதான் ஆரம்பம். இப்போது கிடங்குத் தொழிலாளிகள் ஒருவரும் அவனிடம் வாங்குவதில்லை. நான் ஒவ்வொரு கிடங்காகப் போய்ச் சொன்னேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். அவன் வீட்டுக்கு வந்துபோனது உனக்கு ஞாபகம் வருகிறதா என்று மட்டும் எழுது.

அனெஸ்திஸ்


மெல்பர்ன், 11 ஜனவரி 1975

அண்ணா,

புது வருஷம் உனக்கு ஆரோக்கியம் தரட்டும். வாசிலோப்பிட்டா கேக்கில் உனக்கும் ஒரு துண்டு வெட்டிவைத்தேன்.

யோர்தானிஸை விட்டுவிடு. அல்பேனியப் போரில் ஒரு காலைக் கொடுத்தவன். அந்தக் கடை அந்தக் காலுக்காக அரசு கொடுத்தது. அரெத்திக்கு அந்தக் குளிர்காலம் முழுக்க விறகு கொண்டுவந்து போட்டவன் அவன். மரக்காலோடு படியேறுவான். இவ்வளவுதான் சொல்ல முடியும். விட்டுவிடு.

எவாந்தியா


கவாலா, 12 பிப்ரவரி 1975

தங்கைக்கு,

உன் கடிதம் எட்டு வரி. மெல்பர்னில் தாள் பஞ்சமா?

விறகு கொண்டுவந்தானாம். வருவான். வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேறெப்படி வருவான்?

ஒன்று சொல்கிறேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. 1971 மார்ச்சில் நான் தீவிலிருந்து வந்து பேருந்தை விட்டு இறங்கியபோது நிலையத்தில் ஒருவரும் என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. காபிக்கடையில் நான் உட்கார்ந்தால் பக்கத்து மேசை காலியாகும். பயப்படுகிறார்கள் என்று நினைத்தேன். பாவம், உளவாளிகள் பார்ப்பார்கள் என்று ஒதுங்குகிறார்கள், இந்த அனெஸ்திஸோடு பேச யாருக்குத் துணிச்சல் வரும் என்று உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். மூன்றரை வருஷம் இந்த ஊரில் கழுத்தை நிமிர்த்தி நடந்தேன் எவாந்தியா. அவர்கள் பயப்படவில்லை. காறித் துப்பாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இதற்குப் பிறகு விடுவேனா?

கள்ளக் கையெழுத்து என்று வழக்குப் போட்டுவிட்டேன். காவல் நிலையக் கோப்பிலிருந்து மூலத் தாளை வரவழைக்க நீதிபதி உத்தரவிட்டிருக்கிறார். ஜூன் 9 விசாரணை. பெட்டிக்கடை உரிமத்தை ரத்து செய்யச் சொல்லியும் மனு, அறுபத்து மூன்று பேர் கையெழுத்து. நீ நம் தூதரகத்துக்குப் போய், டிசம்பரில் யோர்தானிஸ் வீட்டுக்கு வந்தான் என்று சத்தியம் செய்து எழுதி அனுப்பு. அது போதும், அவன் உள்ளே போவான்.

உன் வீட்டுக்காரர் முதுகுக்குச் சூடான உப்பு மூட்டை வைக்கச் சொல்.

அனெஸ்திஸ்


கவாலா, 28 மார்ச் 1975

எவாந்தியா,

சுகம்தானே? ஆறு வாரம் ஆயிற்று. தபால்காரன் என்னைப் பார்த்தாலே கையை விரிக்கிறான். சத்தியப் பத்திரம் எங்கே?

அனெஸ்திஸ்


கவாலா, 6 மே 1975

எவாந்தியா,

கிறிஸ்து உயிர்த்தெழுந்தார். உங்கள் எல்லோருக்கும் நலம் உண்டாகட்டும்.

நீ வாயைத் திறக்காவிட்டாலும் வேலை நடக்கிறது. கடை உரிமம் நிறுத்தி வைக்கப்பட்டது. பலகை போட்டு அடைத்துவிட்டார்கள். உயிர்ப்புத் திருநாளில் கோவில் முற்றத்தில் எல்லோரும் சிவப்பு முட்டையை முட்டி உடைத்தார்கள். யோர்தானிஸ் கையில் ஒரு முட்டையோடு நின்றான். முட்ட ஒருவரும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானே சுவரில் தட்டி உடைத்து, தோலை உரித்து, நின்றபடி தின்றான். நான் எதிரில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன். அன்று ஆட்டுக்கறி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வருஷக்கணக்காக எனக்கு அப்படிப் பசித்ததில்லை.

அனெஸ்திஸ்


மெல்பர்ன், 17 மே 1975

அண்ணா,

உன் உடம்பைக் கேட்கிறேன். இதைப் படிப்பதற்கு முன் உட்கார்ந்துகொள்.

அந்தத் தாளில் இருப்பது என் எழுத்து. கையெழுத்து கள்ளம் இல்லை. உன்னுடையது.

1970 கோடையில் அரெத்திக்கு ஆஸ்பத்திரியில் படுக்கை வேண்டியிருந்தது. புகையிலைத் தொழிலாளர் நிதியில் உன் பெயரில்தான் வைத்தியப் புத்தகம். கணவன் விண்ணப்பம் வேண்டும், கையெழுத்தைக் காவல்துறை சான்றளிக்க வேண்டும் என்றார்கள். உனக்கு எழுதினேன். நீ என்ன அனுப்பினாய்? அடியில் கையெழுத்து, பக்கத்தில் தீவின் முத்திரை, மேலே ஒன்றுமே இல்லை. ‘என்ன எழுத வேண்டுமோ ஆபீஸில் கேட்டு எழுதிக்கொள்’ என்று ஒரு சீட்டு. புகையிலைக் கிடங்கில் உட்கார்ந்து செய்தித்தாள் பார்த்துத் தானாகப் படிக்கக் கற்றவன் நீ. எல்லாம் தெரியும் என்பாய். ஆனால் நாம் பேசாத அந்த இலக்கண அரசாங்க மொழியில் உனக்கு ஒரு வரி எழுத வராது, வராது என்று சொல்லவும் வராது. ஒன்று கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று இரண்டு தாள் அனுப்பினாய். ஒன்று ஆஸ்பத்திரிக்குப் போனது. இன்னொன்று மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது.

நவம்பரில் ஆஸ்பத்திரி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எதற்கு அனுப்பினார்கள் என்று அவளுக்குத் தெரியும். அன்று யோர்தானிஸ் விறகை இறக்கிக்கொண்டிருந்தான்.

“எவாந்தியா, அந்தத் தாளை எடு,” என்றாள்.

“எதுக்கு அண்ணி?”

“அவங்க கேட்கிறதை எழுது.”

“அண்ணன் என்னைக் கொன்னுடுவார்.”

“உன்னைக் கொல்ல முதல்ல வீட்டுக்கு வரணுமில்ல? வரட்டும். கோபத்தோடயாவது வந்து பக்கத்துல உட்காரட்டும். நான் எத்தனை நாள் இந்த ஜன்னலையே பார்க்கிறது?”

யோர்தானிஸ் விறகைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். “அண்ணி, அவனுக்கு இது செத்ததுக்குச் சமம்,” என்றான்.

“எனக்கு மட்டும் என்ன கும்பாரே, விருந்தா நடக்குது?”

எழுதினேன். சார்ஜண்ட் சொன்ன வாசகத்தை யோர்தானிஸ் மனப்பாடம் செய்துகொண்டு வந்து சொன்னான். தபாலில் வந்தது என்று சொல்லி அவனே கொண்டுபோய்க் கொடுத்தான். மாதா படத்தின் மேல் எங்கள் இரண்டு பேர் கையையும் வைக்கச் சொன்னாள். “அவர்கிட்ட ஒருநாளும் சொல்லக்கூடாது. ஜெயிச்சதாவே நெனச்சுக்கட்டும்.” தாள் ஏதென்ஸ் போய்த் திரும்ப மூன்று மாதம் ஆயிற்று. அவள் ஜனவரி ஒன்பதாம் தேதி போய்விட்டாள். உன்னை விட்டது உன் கல்லுக்காக இல்லை அண்ணா.

யோர்தானிஸ் சத்தியத்தைக் காப்பாற்றினான். கடை போனபோதும், முட்டையைச் சுவரில் உடைத்தபோதும். நான் உடைக்கிறேன். நரகத்தில் எரிவேன் என்றால் எரிந்துபோகிறேன்.

இன்னொன்றும் கேள். எட்டு மாதம் அவளைக் கழுவித் துடைத்தது நான். உன் ஒரு கையெழுத்துக்காக அவள் காத்திருந்தாள். நீ நேராகப் போட்டிருந்தால் ஆகஸ்டிலேயே வந்திருப்பாய். இந்த ஐந்து வருஷத்தில் இதை உன் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு ஒருநாள் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். உனக்கு மட்டும்தான் பழி வாங்கத் தெரியும் என்று நினைக்காதே. நாம் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்.

ஜூன் ஒன்பதாம் தேதி யோர்தானிஸ் மேல் குற்றம் நிற்குமானால், இதே கடிதத்தின் நகலை லாசரோஸுக்கு அனுப்புவேன். சங்கத்தில் சத்தமாகப் படிக்கட்டும்.

எவாந்தியா


கவாலா, 11 ஜூன் 1975

எவாந்தியா,

உன் உடம்பைக் கேட்கவில்லை. என் உடம்பையும் சொல்லவில்லை.

உன் கடிதம் மே 30 வந்தது. வழக்கைத் திரும்ப வாங்கப் பத்து நாள் இருந்தது. வாங்கவில்லை. நீ பொய் சொல்கிறாய் என்று நம்புவதற்குப் பத்து நாளும் பாடுபட்டேன்.

மூலத் தாளை என் முன் வைத்தார்கள். முத்திரை தீவினுடையது. அதன் மேல் என் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் வழக்கம்போல் மேலே ஏறி. மன்றத்து ஆட்கள் பின்வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். யோர்தானிஸ் மரக்காலை நீட்டிக்கொண்டு பெஞ்சில் இருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

“இது உங்கள் கையெழுத்தா?” என்றார் நீதிபதி.

இல்லை என்ற ஒரு சொல் போதும். அவன் உள்ளே போவான், நான் சங்கத்தில் உட்காருவேன், நீ அனுப்பும் கடிதம் நீதிமன்றத்தில் செல்லாது என்று லாசரோஸே சொல்வான். அந்தச் சொல் என் பல்லில் வந்து நின்றது. உண்மையைச் சொல்கிறேன், நின்றது.

“என்னுடையதுதான்,” என்றேன்.

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

“மேலே உள்ள வாசகம்?”

“என்னுடையது இல்லை. வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டேன். அரசாங்க மொழி எனக்கு எழுத வராது.”

“எழுதியது யார்?”

“சொல்லமாட்டேன்.”

“சொல்லாவிட்டால் நீங்களே எழுதியதாக எடுத்துக்கொள்ளலாமா?”

“எடுத்துக்கொள்ளுங்கள். நாலு வருஷம் தீவில் பெயர் கேட்டு அடித்தார்கள். அப்போதே சொல்லவில்லை.”

வழக்குத் தள்ளுபடி. வெளியே படிக்கட்டில் யோர்தானிஸ் முன்னால் போய் நின்றேன். மன்னிப்பு என்ற சொல் என் வாயில் பழக்கமில்லை, வரவில்லை. கையை நீட்டினேன். அவன் கையைப் பார்த்தான்.

“உன் பொண்டாட்டிக்காக வாயை மூடியிருந்தேன் அனெஸ்திஸ்,” என்றான். கும்பாரே என்று சொல்லவில்லை. “உனக்காக இல்லை. கடை திறந்தா என் ஜன்னல் பக்கம் வராதே.”

போய்விட்டான். மரக்காலுக்கு நாற்பது படி.

உரிமத்துக்கு எதிரான மனுவை மறுநாள் காலை திரும்ப வாங்கினேன். அறுபத்து மூன்று பேரிடமும் வீடு வீடாகப் போய், நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். இருபது வீட்டில் கதவு திறக்கவில்லை. லாசரோஸ் பட்டியலைத் திருத்தமாட்டானாம். திருத்தச் சொல்லி நானும் கேட்கவில்லை.

அனெஸ்திஸ்


மெல்பர்ன், 19 ஆகஸ்ட் 1975

அண்ணா,

நீ கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், நாங்கள் சுகம். யோர்தானிஸின் மனைவி எழுதியிருந்தாள், கடை திறந்துவிட்டதாம். நீ என் பெயரைச் சொல்லவில்லை என்றும் எழுதியிருந்தாள்.

ஏன் சொல்லவில்லை? என்னை மன்னித்துவிட்டாயா?

எவாந்தியா


கவாலா, 5 அக்டோபர் 1975

எவாந்தியா,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கல்லறை அலுவலகத்திலிருந்து சீட்டு வந்தது. அரெத்தி படுத்திருந்த இடத்தின் தவணை முடிந்துவிட்டது, எலும்பை எடுத்து வைப்பறைக்கு மாற்ற வேண்டும் என்று. உனக்குத் தெரியும், கழுவுவது பெண்களின் வேலை. நம் வீட்டில் பெண் இல்லை. யோர்தானிஸின் மனைவியைக் கேட்க எனக்கு வாய் இல்லை. குழிவெட்டுபவன், “கூலிக்கு ஆள் இருக்கு பெரியவரே,” என்றான். வேண்டாம் என்றேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தோண்டினார்கள். நல்ல வெயில். முதலில் அவள் தலைத்துணி தெரிந்தது, நீ கட்டியது. எலும்பு சுத்தமாக, மஞ்சளாக இருந்தது. மார்புப் பக்கம் மட்டும் சில இடத்தில் கறுப்பு. ஒரு தட்டில் சிவப்பு ஒயினை ஊற்றி ஒவ்வொன்றாகக் கழுவினேன். சின்ன எலும்புகள் விரலுக்குள் நிற்கவில்லை. எத்தனை சின்னக் கை அவளுக்கு என்று இருபத்தெட்டு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் நான் பார்க்கவில்லை.

கழுவும்போது அவளிடம் பேசினேன். நீ செய்தது தப்பு என்றேன். என்னிடம் மிச்சமிருந்தது என் பெயர் ஒன்றுதான், அதை எடுத்துக் கொடுத்துவிட்டாய் என்றேன். உன்னை மன்னிக்கவில்லை என்று சத்தமாகவே சொன்னேன். குழிவெட்டுபவன் மண்வெட்டியை வைத்துவிட்டுத் தள்ளிப் போனான். நான் கழுவிக்கொண்டே இருந்தேன். மத்தியானம் வரை ஆயிற்று. வெயிலில் காயவைத்து, காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இல்லை. உன்னையும் மன்னிக்கவில்லை.

அங்கே குளிர் முடிந்திருக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
அனெஸ்திஸ்